மட்கலம் வனைந்த மாதரசி லாடி குவாலி

தோற்றுவாய்

மக்கள் பயின்ற கைத்தொழில்களுள் மட்கலத் தொழில் மிகத் தொன்மை வாய்ந்தது. உழவன் விளைத்த கூலத்தைச் சேமித்தற்கும், இல்லாள் அதனைச் சமைத்தற்கும், வழிச்செல்வோர் நீர்வேட்கை தணித்தற்கும், பண்டைக் காலத்தே இறந்தாரை இட்டுப் புதைத்தற்கும் மண்ணே கலமாகி உதவிற்று. அத்தொழில் வல்லாரை நம் முன்னோர் வேட்கோவர் எனப் போற்றினர். புறநானூற்றுப் புலவருள் ஈமத்தாழி வனையும் வேட்கோவனை முன்னிலைப்படுத்திப் பாடினாரும் உளர். திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டிலும், பின்னர் 1899 முதல் 1905 வரையிலும் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழிகளைக் காண்பார், ஆளொருவனை அடக்கவல்ல அப்பெருங்கலங்களை வனைந்த கைகளின் வன்மையை வியவாதிரார். ஆயினும் அத்தாழிகளுள் ஒன்றையேனும் வனைந்தவர் பெயர் யாது என வினவுவார்க்கு விடை இல்லை. பாடிய புலவர் பெயர் நின்றது. பாடப்பெற்ற மன்னன் பெயர் நின்றது. கலம் செய்த கையினர் பெயர் நிற்கவில்லை.

இங்ஙனம் பெயரின்றி மறைதல் நம் நாட்டு வேட்கோவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. உலகில் மண்வினை நிகழ்ந்த நாடுகள் பலவற்றினும் இதுவே நிலை. பொற்கொல்லனுக்கும் சிற்பிக்கும் கிடைத்த புகழ் குயவனுக்குக் கிடைத்ததில்லை. குயவனுள்ளும் திகிரியில் வனையும் ஆடவனுக்குக் கிடைத்த மதிப்பில் ஒரு கூறேனும், கையாற் சேர்த்தும் தட்டியும் வனையும் பெண்பாலார்க்குக் கிடைத்ததில்லை. இந்நிலையில், எழுத்தறியாக் குடியிற் பிறந்து, திகிரியின் துணையின்றிக் கையினாலேயே கலம் வனைந்து, தன் பெயரைத் தன் நாட்டு நாணயத் தாளிலும் பொறிக்கச் செய்த ஒரு மாதரசியின் வரலாறு நாம் அறியத்தக்கது. அவர் ஆப்பிரிக்கக் கண்டத்து நைஜீரியா நாட்டினராகிய லாடி குவாலி அம்மையார். இவ்விதழ் அன்பர்கள் பலர் மண்வினைக் குடியிற் பிறந்தோராதலின், அவ்வம்மையார் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

நாடும் குடியும்

நைஜீரியா மேலை ஆப்பிரிக்காவில் உள்ளதொரு பெருநாடு. அங்கே மண்வினையின் தொன்மை எத்தகையது என்பதற்கு நோக் என்னும் சிற்றூர் சான்றாகும். அவ்வூரின் பக்கத்தே வெள்ளீயச் சுரங்கம் தோண்டுவோர் 1928-ஆம் ஆண்டில் சுட்ட மண்ணாலாகிய உருவம் ஒன்றைக் கண்டெடுத்தனர். பெர்னார்டு பேக் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1943 முதல் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அந்நாட்டு மக்கள் உட்குழிவாக மண்ணுருவங்கள் கையால் வனைந்து, வெடியாமற் சுட்டெடுக்கும் நுட்பம் அறிந்திருந்தனர் என்பது அவற்றால் விளங்கிற்று. உட்குழிவான பேருருவை வெடியாமற் சுடுதல் எத்துணை அரிது என்பதை ஐயனார் கோயிலுக்குக் குதிரை செய்து சுட்டறிந்த வேளார் நன்குணர்வர்.

அந்நாட்டின் நடுப்பகுதியில் வாழும் குடியினருள் கிபாரி என்பார் ஒரு சாரார். ஹௌசா மொழி பேசுவோர் இவர்களைக் குவாரி என்று வழங்குவர். உழவே இவர்தம் முதற்றொழில். சுமையைத் தலைமேற் கொள்ளாது தோள்மீது சுமந்து செல்லுதல் இக்குலப் பெண்டிர் வழக்கம். கலம் வனைதல் இக்குடியில் பெண்டிர்க்கே உரிய தொழிலாக இருந்து வந்தது. தாயிடமும் அத்தையிடமும் சிற்றியிடமும் பெண்மக்கள் அதனைக் கண்டு பயின்றனர். நூல் இல்லை, பாடசாலை இல்லை, ஊதியம் பெற்றுக் கற்பிக்கும் ஆசானும் இல்லை. கண் பார்த்ததைக் கை செய்தலே அங்குக் கல்வி.

பிறப்பும் பயிற்சியும்

குவாலி என்பது அம்மையார் பிறந்த ஊரின் பெயர். லாடி என்பது ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண்ணுக்கு ஹௌசா வழக்கில் இடப்பெறும் பெயர். ஆகவே லாடி குவாலி என்றால், ஞாயிறன்று பிறந்த குவாலி ஊர்ப் பெண் என்பதே பொருள். குவாலி ஊரில் ஞாயிறு பிறந்த பெண்மக்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பர். அப்பொதுப் பெயரே பின்னர் ஒருவரை மட்டும் குறிக்கும் சிறப்புப் பெயராயிற்று. அவர் பிறந்த ஆண்டு 1925 வாக்கில் என்பர்.

இளமையிலே தம் அத்தையிடம் தொழில் பயின்றார். நீர்க்குடம், சமையற்பானை, கிண்ணம், குடுவை ஆகியவை அவர் முதலில் வனைந்த கலங்கள். இளம்பருவத்திலேயே அவர் கைத்திறம் ஊரறிந்ததாயிற்று. அவர் கலங்கள் சந்தைக்குச் சென்று சேருமுன்னரே விலைப்பட்டுவிடும் என்று உடன்பிறந்தார் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். இதனை அன்பர்கள் உளங்கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் செய்திக்கு இது பெரிதும் வேண்டப்படுவது.

கலம் வனையும் முறை

இனி அவர் கலம் வனைந்த முறையைக் காண்போம். நம் நாட்டுக் குயவர் சுழலும் திகிரியின் நடுவே மண்ணை வைத்து, அது சுழலுங்கால் கைகளை அசையாது நிறுத்திக் கலத்தை எழுப்புவர். கிபாரிப் பெண்டிர் முறையோ இதற்கு மறுதலை. அங்கே கலம் நிலைத்து நிற்கும். வனைபவரே அதனைச் சுற்றி வருவர். முதலில் பிசைந்த மண்ணை ஒரு திரளாக வைத்து, அதன் நடுவைக் கையாற் குடைந்து, சுற்றுச் சுவரை மேல்நோக்கி இழுத்து அடிப்பாகத்தை அமைப்பர். பின்னர் மண்ணைத் தடித்த திரிகளாக உருட்டி, அவற்றை விளிம்பின்மேல் வளையம் வளையமாக அடுக்கி, உள்ளும் புறமும் தேய்த்து ஒன்றுபடுத்துவர். வயிறு அகல வேண்டுமிடத்து உட்புறமிருந்து தட்டி அகலச் செய்வர். கழுத்தைக் குறுக்கி, வாயை விரித்து, ஈரமான தழையாலோ துணியாலோ விளிம்பை மழுக்குவர். இத்தனையும் குனிந்தவாறே கலத்தைச் சுற்றி நடந்து செய்யப்பெறும். திகிரி செய்யும் வேலையை வனைபவர் உடலே செய்கின்றது எனலாம்.

இதனை எளிய வேலையென்று எண்ணுதல் தகாது. கீழ்வளையம் மிக ஈரமாயிருப்பின் மேல்வளையத்தின் பாரம் தாங்காது சரியும். மிக உலர்ந்திருப்பின் மேல்மண் அதனொடு பொருந்தாது சுடுங்கால் பிளக்கும். எவ்வளவு உலர்ந்த பின் அடுத்த திரியை ஏற்றுவது என்பதை விரல்நுனியன்றி வேறெந்தக் கருவியும் அறிவியாது. திகிரியில் வட்டம் தானே அமையும். கைவினையில் வட்டத்தைக் கண்ணும் காலுமே காக்க வேண்டும். இவ்வாறிருந்தும் லாடி அம்மையார் வனைந்த குடங்கள், கண்டோர் திகிரியில் வனைந்தனவோ என ஐயுறுமாறு ஒத்த உருவம் பெற்றிருந்தன.

கலம் ஓரளவு உலர்ந்தபின் அதன் தோளிலும் வயிற்றிலும் கூரிய கருவியாற் கோடுகள் கீறுவார். வெட்டுவரிகள் பொறித்த சிறு மரவுருளையை உருட்டிப் பட்டைகள் இடுவார். அப்பட்டைகளுக்கு நடுவே தேள், ஓணான், பச்சோந்தி, முதலை, பாம்பு, மீன், பறவை ஆகிய உருவங்கள் தோன்றும். அவை கண்டவாறே வரைந்தன அல்ல; கலத்தின் வளைவுக்கு ஏற்பக் கால்களை விரித்தும் வாலை வளைத்தும் சுருக்கமாக அமைக்கப்பெற்றவை. ஓணானின் முதுகு குடத்தின் வயிற்றோடு ஒட்டி வளைவதைக் காணின், உருவம் கலத்தின்மேல் எழுதப்பட்டதா, கலமே உருவத்துக்காக வளைந்ததா என வேறுபடுத்தல் அரிது. பின்னர், நன்கு உலர்ந்த கலங்களைத் திறந்த வெளியில் அடுக்கி, உலர்ந்த புல்லும் சுள்ளியும் மூடித் தீயிட்டுச் சுடுவர்.

திகிரியின்மையைத் தாழ்வாகக் கருதுவார் நம்முள்ளும் உளர். அவர் தம் வீட்டையே நோக்குக. நெல் சேமித்த குதிர் திகிரியில் வனைந்ததன்று. வளையம் வளையமாகக் கையால் எழுப்பியது. அடுப்பு திகிரியில் வனைந்ததன்று. பெண்டிர் கையால் இட்டது. நம் குயவர் பானைகூடத் திகிரியில் முற்றுப்பெறுவதில்லை. திறந்த அடியோடு அறுத்தெடுத்து, உள்ளே கல்லால் தாங்கிப் புறத்தே பலகையால் தட்டியே அடியை மூடுகின்றனர். அத்தட்டுவேலையில் பல ஊர்களிற் பெண்டிர் கையே முந்துவது. திகிரியைப் பெண் தொடலாகாது என்னும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவியது. ஆனால் பெண் தொடாத பானை அடுப்பேறியதில்லை.

அபூஜாப் பயிற்சிக்கூடம்

நைஜீரியா அக்காலத்து ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அந்நாட்டில் மட்கலத் தொழிலைப் புதுமுறையில் வளர்த்தற்பொருட்டு, ஆட்சியாளர் மைக்கேல் கார்டியூ என்பவரை 1950-இல் நியமித்தனர். கார்டியூ 1901-இல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் கற்றவர், 1923-இல் செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊரில் பெர்னார்டு லீச் என்னும் புகழ்பெற்ற குயவரிடம் மாணாக்கராய் அமர்ந்தவர். 1942 முதல் ஆறாண்டுகள் பொன்கரை எனப்பட்ட இன்றைய கானா நாட்டில் தங்கி, முதலில் அச்சிமோட்டாக் கல்லூரியிலும் பின்னர்த் தாமே அமைத்த கூடத்திலும் கலம் வனைந்து, நோயுற்று நாடு திரும்பியவர். அவர் 1952-இல் அபூஜா என்னும் ஊரில் மட்கலப் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். இந்த அபூஜா இன்றைய தலைநகரன்று. புதிய தலைநகருக்கு அப்பெயரை வழங்குவதற்காகப் பழைய ஊர் 1976-இல் சுலேஜா எனப் பெயர் மாற்றப்பெற்றது.

பயிற்சிக்கூடத்தில் திகிரி இருந்தது. விறகிட்டு எரிக்கும் உயர்ந்த சூளை இருந்தது. பீங்கானுக்கு இடுவது போன்ற கண்ணாடிப் பூச்சுக்கள் இருந்தன. பயில வந்தவரோ ஆடவரே. தலைமுறை தலைமுறையாகக் கலம் வனைந்து வந்த பெண்டிர் அதனுள் இல்லை. மட்கலத் தொழில் கற்பிக்க எழுந்த கூடத்தில், அத்தொழிலைக் கருவிலேயே கற்றவர்க்கு இடமில்லாது போயிற்று. இது நகைத்தற்குரியதாயினும் புதியதன்று. தொழிலைப் 'புதுமுறை' எனக் கூறிக் கற்பிக்கப் புகுவார், அதனை ஏற்கெனவே அறிந்தார் யார் என்று வினவுதல் எந்நாட்டினும் அரிதே.

அபூஜா ஊரின் தலைவராகிய எமீர் சுலைமான் பாராவின் மனையில் சில குடங்கள் அழகுக்காக வைக்கப்பட்டிருந்தன. கார்டியூ 1950-இல் அவற்றைக் கண்டு வியந்து, வனைந்தவர் யார் என வினவினார். லாடி குவாலி என்னும் பெயர் அவ்வாறு அவர் செவிக்கு எட்டியது. 1954-இல் லாடி அம்மையார் பயிற்சிக்கூடத்திற் சேர்ந்தார். அதனுட் புகுந்த முதற் பெண் அவரே.

லாடி அம்மையாரைக் கார்டியூ 'கண்டுபிடித்தார்' என எழுதுவார் பலர். இஃது ஆராய்ந்து கொள்ளத்தக்கது. சந்தையில் அவர் கலத்தை எதிர்நோக்கி நின்ற கிபாரிப் பெண்டிர் அவரை முன்னரே அறிவர். தம் மனையில் அவர் குடத்தை அழகுப் பொருளாக வைத்த எமீர் முன்னரே அறிவர். ஊர் அறிந்த திறத்தை உலகறியச் செய்தவர் கார்டியூ. அந்நன்றி அவர்க்கு உரியது. திறத்தையே அவர் தந்தார் என்பது பொருந்தாது. ஆற்றில் நீர் உண்மையைக் கரையில் வாழ்வார் அறிவர். பின்னர் வந்து படம் வரைந்தவன் அதனைத் தோற்றுவித்தவன் ஆகான்.

கூடத்தில் அம்மையார் திகிரியில் வனையவும், பூச்சு இடவும், சூளை அடுக்கவும் கற்றார். ஆயினும் தம் பழைய கைம்முறையைக் கைவிட்டாரல்லர். குவாலியில் வனைந்தவாறே குடங்களை நின்று சுற்றி வனைந்தார். கீறிய கோடுகளில் வெண்மண் குழம்பைத் தேய்த்து நிரப்பினார். அவற்றின்மேல் கரும்பழுப்பும் பசுநீலமுமாகிய பூச்சு இடப்பெற்று உயர்ந்த வெப்பத்திற் சுடப்பெற்றன. தட்டுக்களையும் கிண்ணங்களையும் செம்மண் அல்லது வெண்மண் குழம்பில் தோய்த்து, முள்ளம்பன்றி முள்ளாற் கீறி உருவம் எழுதியதும் உண்டு. ஒவ்வொரு கலத்தின் அடியிலும் கூடத்தின் முத்திரையோடு லாடி குவாலி என்னும் பெயரின் முதலெழுத்துக்கள் பொறித்த முத்திரையும் இடப்பெற்றது. ஊர்ச்சந்தையில் அவர் கலத்தைக் கையால் தொட்டே அறிந்தனர். இங்கே அதனை எழுத்தால் அறியும் நிலை வந்தது.

அவரைப் பின்பற்றி ஹலிமா ஆடு, அசிபி இடோ, கண்டே உஷாபா, லாமி டோட்டோ ஆகிய பெண்டிரும் கூடத்தில் சேர்ந்தனர். அவர்கள் ஒருங்கிருந்து பெருங்குடங்கள் வனைந்த அறைக்கு 'டாக்கின் குவாரி', அதாவது குவாரியர் அறை, என்று தாமே பெயரிட்டனர். புறத்தே நின்றவர் உள்ளே தமக்கென ஓர் அறையை அமைத்துக் கொண்டனர் என்பது சிறு செய்தியாயினும் சரித்திரத்தில் நிற்கத்தக்கது.

பேறும் சிறப்பும்

அபூஜாக் கலங்கள் இலண்டன் மாநகரத்துப் பெர்க்லி மண்டபத்தில் 1958, 1959, 1962 ஆகிய ஆண்டுகளிற் காட்சிக்கு வைக்கப்பெற்றன. 1960-இல் நைஜீரியா விடுதலை எய்திய விழாவில் லாடி அம்மையாரின் கலங்கள் நாட்டின் பெருமையாகக் காட்டப்பெற்றன. 1962-இல் ஆங்கில அரசு அவர்க்கு எம்.பி.இ. பட்டம் நல்கியது. அவ்வாண்டிலேயே அவர் இங்கிலாந்து சென்று, பலர் முன்னிலையில் தம் முறையிலே குடம் வனைந்து காட்டினார். 1965-இல் வாஷிங்டன் நகரத்தில் நிகழ்ந்த அனைத்துலக மட்கலக் கண்காட்சியில் வெள்ளிப் பரிசு பெற்றார். 1972-இல் கார்டியூவும் கோபி ஆத்தி என்பவரும் உடன்வர அமெரிக்க நாட்டிற் சுற்றுப் பயணம் செய்தார். கலம் அசையாது நிற்க, வனையும் அம்மையார் அதனைச் சுற்றி நடனம் ஆடுவார் போல் நடந்து வந்ததை அங்குள்ளார் வியந்து நோக்கினர்.

1977-இல் சாரியா நகரத்து அகமது பெல்லோ பல்கலைக்கழகம் அவர்க்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. பள்ளிக்கூடம் சென்று பயிலாதவர்க்குப் பல்கலைக்கழகம் தலைவணங்கியது. நைஜீரிய அரசும் 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் உயர்ந்த விருதுகள் அளித்தது. அவர் வாழ்நாளின் இறுதியில் பயிற்சிக்கூடம் லாடி குவாலி மட்கலக் கூடம் எனப் பெயர் பெற்றது. 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் மின்னா நகரில் அம்மையார் உலக வாழ்வை நீத்தார். 2007-இல் வெளியிடப்பெற்ற இருபது நைரா நாணயத் தாளின் பின்புறத்தில், அவர் குடம் வனையும் கோலம் அச்சிடப்பெற்றுள்ளது.

பெற்றதும் இழந்ததும்

இத்துணைச் சிறப்பையும் கூறி மகிழ்ந்து அமைதல் சரித்திரம் எழுதுவார்க்கு முறையன்று. பெற்றதை எண்ணுங்கால் இழந்ததையும் எண்ணுதல் வேண்டும்.

மண்குடத்து நீர் தண்ணிதாவது எதனால் என்பதை நாம் அறிவோம். இளஞ்சூட்டில் வெந்த மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து புறத்தே ஆவியாகுங்கால், உள்நீரின் வெம்மையை உடன்கொண்டு போகின்றது. உயர்ந்த சூளையிற் கல்போல் இறுகிக் கண்ணாடிப் பூச்சும் பெற்ற கலத்தில் இக்கசிவு இல்லை. ஆதலின் தண்மையும் இல்லை. லாடி அம்மையார் அபூஜாவில் வனைந்த குடம் உருவத்தில் கிபாரிப் பெண்டிரின் நீர்க்குடமே; பயனிலோ நீர்க்குடம் அன்று. அது குடியானவர் வீட்டு மூலையை விட்டுச் செல்வர் மாளிகையிலும் பொருட்காட்சிச் சாலையிலும் ஏறியது. நீர் நிரப்பிய கலம், நோக்குதற்குரிய சிற்பமாயிற்று.

இது கேடோ ஆக்கமோ என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அயலார் விருப்புக்கு ஏற்பத் தொழில் திரிந்தது என்பார் ஒருசாரார். தன் முறையை விடாது புதிய பொருளையும் தன்வயப்படுத்தினார் என்பார் மற்றொரு சாரார். நமக்குத் தோன்றுவது இது: பூச்சும் சூளையும் மாறினவேயன்றி, மண்திரியை ஏற்றிய விரலும் கலத்தைச் சுற்றிய காலும் மாறவில்லை. திகிரி அருகிருந்தும், அதனை இயக்கக் கற்றிருந்தும், பெருங்குடத்துக்கு அவர் தம் கையையே நம்பினார். அறியாமையால் ஒன்றைப் பற்றி நிற்றல் வேறு. இரண்டும் அறிந்து ஒன்றைத் தெரிந்து கொள்ளுதல் வேறு. பின்னையதே கலைஞர்க்குரிய இலக்கணம்.

ஆனால் மற்றொரு நட்டம் உண்மையானது. குவாலி ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அவரோடொத்த பெண்டிர் எத்தனையோ பேர் கலம் வனைந்தனர். அவர்தம் குடங்கள் நீர் தந்து உடைந்தன, முத்திரை இல்லை, பெயரும் இல்லை. அவருட் சிலர் லாடிக்குக் கற்பித்த மூத்தோராகவும் இருந்திருப்பர். ஒருவர் பெயர் ஓங்கியது கண்டு மகிழும் நாம், அவரை ஆக்கிய அத்தை எவ்வளவு பெரிய ஆசிரியை என எண்ணிப் பார்த்தல் தகும்.

மாணவியர் மரபு

லாடி அம்மையாரின் கைம்முறை அவரோடு முடியவில்லை. மேக்டலின் ஒடுண்டோ என்பவர் 1950-இல் கென்யா நாட்டு நைரோபி நகரிற் பிறந்தவர். இளமைக் கல்வியில் ஒரு பகுதியை நம் இந்திய நாட்டிற் பெற்றவர். 1971-இல் ஓவியத் தொழில் கற்க இங்கிலாந்து சென்று, ஆங்கே மண்வினையில் மனம் ஈடுபட்டார். 1974-இல் அபூஜாவுக்கு வந்து, லாடி அம்மையாரிடமும் அவரோடிருந்த பெண்டிரிடமும் கையால் வனையும் முறையைப் பயின்றார். இங்கிலாந்துக் கல்லூரிகளில் கற்கக் கிடைக்காத கல்வியைத் தேடி ஆப்பிரிக்கப் பெண்ணொருத்தி ஆப்பிரிக்காவுக்கே திரும்பி வந்தாள் என்பது கருதத்தக்கது. பின்னர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ நாட்டுச் சான் இல்டபான்சோ ஊருக்கும் சென்று, திகிரியின்றிக் கருங்கலம் வனைவதில் பெரும்புகழ் பெற்ற மரியா மார்ட்டினஸ் அம்மையாரின் தொழில்முறையைக் கண்டார்.

ஒடுண்டோ அம்மையார் கலங்களுக்குக் கண்ணாடிப் பூச்சு இல்லை. மண்திரியால் எழுப்பி, சுரைக்குடுக்கைத் துண்டால் மழுக்கி, நுண்மண் குழம்பு பூசி, மீண்டும் மீண்டும் தேய்த்து மெருகேற்றுவார். காற்று நன்கு புகச் சுட்டால் கலம் செந்நிறம் பெறும். அதனையே காற்றை அடக்கிப் புகையில் மீண்டும் சுட்டால் கருநிறம் பெறும். நம் நாட்டுக் கரும்பானையும் செம்பானையும் வேறுபடுவது இவ்விதியினாலேயே. அவர் கலங்களின் கழுத்து ஒருபால் சாய்ந்தும், வயிறு பருத்தும், வாய் மலர்ந்தும், கருவுற்ற பெண்ணோ, கூந்தல் முடித்த பெண்ணோ என ஐயுறத் தோன்றும். கலத்தின் உறுப்புக்களை வாய், கழுத்து, வயிறு என மக்கள் உறுப்பின் பெயரால் நாமும் வழங்குகின்றோம். நம் மொழி நெடுங்காலமாகச் சொல்லி வந்த ஒப்புமையை அவர் மண்ணிற் காட்டினார் எனலாம். இவர் கலங்கள் இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்திலும் உள்ளன. 2018-இல் இங்கிலாந்தில் கலைக் கல்விக்குரிய பல்கலைக்கழகம் ஒன்றின் வேந்தரானார். 2020-இல் 'டேம்' என்னும் உயர்பட்டம் பெற்றார்.

குவாலி ஊர் அத்தையிடமிருந்து லாடிக்கும், லாடியிடமிருந்து ஒடுண்டோவுக்கும் வந்த இக்கல்வி, ஏட்டில் எழுதப்பெற்று வந்ததன்று; ஒருவர் அருகே மற்றொருவர் நின்று கண்டு வந்தது. இடையே ஒரு தலைமுறை பார்த்து நில்லாது போயிருப்பின் அறுந்திருக்கும்.

முடிவுரை

அன்பர்காள்! இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கன மூன்று. முதலாவது, கருவியின் சிறுமை கலையின் சிறுமை ஆகாது. திகிரியில்லாத கை தாழ்ந்ததன்று; ஒன்றை இன்னொன்றால் அளத்தல் கூடாது. இரண்டாவது, திறத்தை ஊர் முதலில் அறிகின்றது. உலகம் பின்னரே அறிகின்றது. ஊர் அறிந்ததைத் தானே போற்றாவிடில், அயலார் வந்து கூறும்வரை அது மறைந்தே கிடக்கும். மூன்றாவது, பெயர் பொறிக்கப்பெறாத கை விரைவில் மறக்கப்படும்.

ஆதலின் நம் குடியினரை ஒன்று வேண்டிக் கொள்கின்றோம். உங்கள் இல்லத்தில் பானை தட்டிய பாட்டி, குதிர் எழுப்பிய தாய், அடுப்பிட்ட அத்தை, ஐயனார் குதிரைக்கு முகம் அமைத்த பாட்டனார் ஆகியோர் பெயர்களை எழுதி வையுங்கள். அவர் எந்தக் குளத்து மண்ணை எடுத்தார், எதனைக் கலந்தார், எத்தனை நாள் உலர்த்தினார், எவ்விறகில் சுட்டார் என்பவற்றை உயிரோடிருக்கும் முதியோரிடம் வினவிக் குறித்துக் கொள்ளுங்கள். பள்ளிக்குச் செல்லும் நம் பெண்மக்கள் அப்பணிக்கு மிகத் தக்கவர். விரும்பும் பெண்மகள் மண்ணைத் தொடுவாளாயின், திகிரியையும் தொடுவாளாயின், தடுக்காதீர்கள். குவாலி என்னும் சிற்றூர்ப் பெண்ணின் கை ஒரு நாட்டுக்கே புகழ் தேடித் தந்ததாயின், நம் ஊர்ப் பெண்டிர் கை நம் குடிக்குப் பெருமை தரும் என்பதில் ஐயமில்லை.

மண்ணாலாய கலம் உடையும். அது மண்ணின் இயல்பு. அதனை வனைந்தவர் பெயரும் உடனழிதல் வேண்டும் என்பது எவ்வியல்பும் அன்று. அப்பெயர்களைக் காத்தல் எழுத்தறிந்த நம் தலைமுறையின் கடன்.